சீனாவில் சமையல் வகுப்பு: போகும் முன் கேட்கப்படும் கேள்விகள்

சீனாவுக்குப் போகிறேன், நடுவில் அரை நாள் சமையல் வகுப்புக்கும் போகலாமா என்று கேட்பவர்களுக்கு நான் எழுதி அனுப்பும் பதில்களை இங்கே சேர்த்துப் போட்டிருக்கிறேன். சீனச் சமையல் என்று மொத்தமாக ஒன்று கிடையாது, மாகாணத்துக்கு மாகாணம் எல்லாமே மாறும். அதனால் பெரும்பாலும் சிச்சுவான் மாகாணத் தலைநகர் செங்டுவை வைத்துத்தான் பேசியிருக்கிறேன்.

ஊர் சுற்றப் போன இடத்தில் அடுப்படியில் எதற்கு நிற்க வேண்டும்?

அரை நாளில் மூன்று நான்கு பதார்த்தம் கிண்டிப் பார்த்துவிட்டு யாரும் சமையல்காரர் ஆகிவிடப் போவதில்லை. ஆனால் சாப்பிடக் கற்றுக்கொள்ளலாம், அதுதான் பெரிய லாபம். செங்டுவில் சாதாரண உணவகத்தில் உட்கார்ந்தால் பட்டியல் முழுக்கச் சீன எழுத்து, படத்தைப் பார்த்து விரல் வைத்தால் வருவது எதுவென்று வாயில் வைத்த பிறகுதான் தெரியும். வகுப்புக்குப் போய்விட்டு வந்தவருக்கு அந்தச் சிவப்பு எண்ணெய் எதிலிருந்து இறங்கியது, கறுப்பாகக் கிடப்பது என்ன, காய்கறி என்று சொல்லிக் கொண்டுவந்து வைத்த தட்டில் கொத்திய பன்றி இறைச்சி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதெல்லாம் பார்த்ததுமே பிடிபடும். பயணத்தில் மிச்சமுள்ள ஒவ்வொரு வேளைக்கும் அந்த அரை நாள் உதவும்.

அப்படியானால் எந்த நாளில் வைத்துக்கொள்வது?

முதல் அல்லது இரண்டாம் நாள். கடைசி நாளில் நேரம் இருந்தால் பார்க்கலாம் என்று தள்ளுகிறவர்கள்தான் அதிகம், அது வீண். கற்றுக்கொண்டதை வைத்து ஆர்டர் செய்ய இன்னும் சில வேளைகள் கையில் இருக்க வேண்டும். விமானத்தில் இறங்கிய அன்றே போட்டுக்கொள்ள வேண்டாம், தூக்கக் கலக்கத்தில் சீனக் கத்தியைக் கையில் எடுப்பது நல்லதில்லை.

எந்த ஊர் நல்லது?

என்னைக் கேட்டால் செங்டு. யுனெஸ்கோ 2010-ல் உணவுக் கலை நகரமாக அறிவித்த ஊர், ஆசியாவில் அந்தப் பட்டம் முதலில் கிடைத்தது அதற்குத்தான். பட்டத்தை விடுங்கள், மிளகாயும் பூண்டும் இஞ்சியும் புளிப்பும் நம் கைக்குப் பழகியவை என்பதால் நம்மவர்களுக்கு அங்கே சட்டென்று பிடி கிடைத்துவிடுகிறது.

மற்ற ஊர்களும் மோசமில்லை. குய்லின் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் மலைகளுக்கு நடுவே இருக்கும் யாங்ஷுவோவில் சந்தைக்குக் கூட்டிப்போய்க் கிராமத்து வீட்டில் வைத்துச் சொல்லித் தரும் வகுப்புகள் நெடுநாளாக நடக்கின்றன, பீர் ஊற்றிச் செய்யும் மீன்தான் அந்த ஊரின் பெருமை. பெய்ஜிங்கில் பழைய ஹுதொங் சந்து வீடுகளில் ஜியாவ்ஸ் என்ற கொழுக்கட்டை மடிக்கக் கற்றுத் தருவார்கள், பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அதுதான் சரி. சீஆன் என்றால் மாவு வேலை, அகலமாக இழுத்து மேஜையில் அடித்து நீட்டும் பியாங்பியாங் நூடுல்ஸ். யுன்னான் மாகாணத்தில் உள்ள தாலி என்ற ஊரைச் சைவம் சாப்பிடுகிறவர்கள் மறக்கவேண்டாம், அங்குள்ள பாய் இன மக்கள் நம் பனீர் போலவே ஆட்டுப்பாலில் ரூபிங் செய்து பொரித்துச் சாப்பிடுவார்கள், சீனாவில் பால் பொருள் அடுப்பேறும் அபூர்வமான இடம். ஜூன் முதல் செப்டம்பர் வரை போனால் காட்டுக் காளானும் கிடைக்கும்.

வகுப்பில் என்னதான் நடக்கும்?

காலை ஒன்பது வாக்கில் சந்தை, அப்புறம் சமையற்கூடம், மதியம் நீங்கள் சமைத்ததையே உட்கார்ந்து சாப்பிடுவது. பொதுவாக இப்படித்தான் போகும்.

சமையற்கூடத்தில் முதல் முக்கால் மணி நேரம் அடுப்பையே பற்றவைக்க மாட்டார்கள். நறுக்குவது மட்டும்தான். அகலமான சதுரக் கத்தி ஒன்றைக் கையில் கொடுப்பார்கள், பார்த்தால் கசாப்புக் கடைக் கத்தி போல இருக்கும், ஆனால் அலகு மெல்லியது, எலும்பு வெட்ட அல்ல. பூண்டை அதன் தட்டையான பக்கத்தால் ஒரே அடி அடித்து நசுக்குவதும், நறுக்கியதை அதே அலகில் அள்ளிக்கொண்டு போய்த் தட்டில் போடுவதும் அதுதான். கோழியைக் குட்டித் துண்டாக வெட்டிக் கொஞ்சம் உப்பு, சோயா சாஸ், சமையல் ஒயின், கிழங்கு மாவு போட்டுப் பிசறி வைத்துவிடுவார்கள், அந்த மாவுப் பூச்சு இருப்பதால்தான் கடும் தீயிலும் கறி வறண்டு போகாமல் இருக்கிறது. சாஸ்களைக்கூட முன்னதாகவே ஒரு கிண்ணத்தில் கலந்து பக்கத்தில் வைக்கச் சொல்வார்கள். ஏன் இவ்வளவு முன்னேற்பாடு என்றால், அடுப்பு பற்றியதும் ஒரு பதார்த்தம் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும், நடுவில் உப்பு டப்பாவைத் தேட நேரம் கிடையாது. குழம்பைக் கொதிக்கவிட்டுவிட்டு அந்த நேரத்தில் வெங்காயம் நறுக்கிப் பழகிய நமக்கு இதுதான் முதலில் இடிக்கும்.

சந்தைக்குப் போகாத வகுப்பு விலை குறைவாக இருக்கிறதே, போதாதா?

போதாது. கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் சந்தையோடு சேர்ந்ததை எடுங்கள்.

செங்டுச் சந்தையில் ஊறுகாய் விற்பவர் முன்னால் நின்று பார்த்தாலே போதும். பெரிய மண் ஜாடி, கழுத்தைச் சுற்றி ஒரு பள்ளம், அதில் தண்ணீர். மூடியைக் கவிழ்த்தால் அதன் விளிம்பு அந்தத் தண்ணீருக்குள் உட்காரும், உள்ளே புளிக்கும்போது வரும் காற்று குமிழ்விட்டு வெளியேறும், வெளிக்காற்று உள்ளே போகாது. எண்ணெய் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது, உப்புத் தண்ணீர்தான். முள்ளங்கி, முட்டைக்கோசு, காராமணிக்காய், இஞ்சி, சிவப்பு மிளகாய் எல்லாம் அதில் கிடக்கும். அந்த ஊறுகாய் மிளகாய் இல்லாமல் சிச்சுவானில் பாதிச் சமையல் ஓடாது. அடுத்த கடையில் வோசுன் என்று தடித்த தண்டுள்ள கீரை, தோலைச் சீவினால் உள்ளே பச்சைக் கண்ணாடி நிறம், அதற்குப் பக்கத்தில் பூண்டுத் தண்டு, பட்டாணிக் கொழுந்து, தாமரைக் கிழங்கு, நமக்கு நன்கு தெரிந்த பாகற்காய். இவற்றின் சீனப் பெயரை ஆசிரியரிடம் எழுதி வாங்கிப் போனில் வைத்துக்கொண்டால், அன்று இரவே உணவகத்தில் காட்டிப் பூண்டு போட்டு வதக்கித் தரச் சொல்லலாம்.

மீனும் கோழியும் உயிரோடு இருக்கும் பகுதியும் வரும். அதைப் பார்க்க மனம் ஒப்பாதவர்கள் முன்கூட்டியே சொன்னால் காய்கறிப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்வார்கள்.

எந்தப் பதார்த்தத்தைக் கேட்டு வாங்கிக் கற்றுக்கொள்வது?

ஒன்றே ஒன்று என்றால் மாப்போ டோஃபு. சிங் வம்ச ஆட்சியின் பிற்காலத்தில் செங்டுவின் வடக்கே ஒரு பாலத்தருகில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த, முகத்தில் அம்மைத் தழும்பு இருந்த சென் வீட்டு அம்மாள் செய்தது என்பது ஊரில் எல்லோரும் சொல்லும் கதை. இதில் சிச்சுவான் சமையலின் எல்லா வித்தையும் இருக்கிறது.

டோஃபுவைச் சதுரமாக வெட்டி உப்புப் போட்ட சுடுதண்ணீரில் சிறிது நேரம் கிடத்துவார்கள். பச்சை வாடை போகும், கட்டியும் உடையாமல் கெட்டிப்படும். சட்டியில் எண்ணெய், அதில் கொத்திய மாட்டிறைச்சி மொறுமொறுவென்று ஆகும்வரை, பிறகு தீயைக் குறைத்துத் தோபான்ஜியாங், அதாவது அவரையும் மிளகாயும் புளிக்கவைத்த விழுது. இதுதான் கவனிக்க வேண்டிய இடம்: அந்த விழுது எண்ணெயில் விழுந்ததும் கருக விடாமல் நிதானமாக வதக்க வதக்க, எண்ணெய் மெல்லச் செங்கல் நிறத்துக்கு மாறும், அந்த நிறம் வராமல் தண்ணீர் ஊற்றினால் கடைசிவரை வெளிறித்தான் இருக்கும். பிறகு கறுப்புச் சோயாவைப் புளிக்கவைத்த தோச்சி, இஞ்சி, பூண்டு, சூப்பு, டோஃபு. கரண்டியால் கிளறக் கூடாது, கரண்டியின் முதுகால் முன்னால் தள்ள வேண்டும். மாவுக் கரைசலை ஒரே தடவையில் கொட்டாமல் மூன்று தவணையாக ஊற்றுவார்கள், அப்போதுதான் டோஃபு விட்ட தண்ணீர் பிரிந்து நிற்காமல் குழம்பு அதன்மேல் ஒட்டும். இறக்கி, நாக்கை மரக்கவைக்கும் சிச்சுவான் மிளகான ஹுவாஜியாவை அரைத்துத் தூவி, சூடாக. மாட்டிறைச்சி வேண்டாம் என்றால் காளானைப் பொடியாக நறுக்கிப் போடுவார்கள், நன்றாகவே இருக்கும்.

இரண்டாவது என்றால் யூசியாங் கத்தரிக்காய். மீன் மசாலா என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர மீன் கிடையாது. ஊறுகாய் மிளகாய், இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள், சர்க்கரை, வினிகர் சேர்ந்து வரும் சுவை. கத்தரிக்காய் பிடிக்காது என்பவர்கூட ஒரு தட்டைக் காலிசெய்வார்.

குங்பாவ் கோழியை எல்லா வகுப்பிலும் கேட்காமலே சொல்லித் தருவார்கள். சிங் காலத்தில் சிச்சுவான் ஆளுநராக இருந்த டிங் பாவ்சென் பெயரோடு சேர்ந்த பதார்த்தம். காய்ந்த மிளகாயையும் ஹுவாஜியாவையும் எண்ணெயில் பொரியவிட்டு ஆரம்பிப்பது அப்படியே நம் தாளிப்புதான், அந்த நொடியில் வரும் நெடியில் எல்லோரும் ஒன்றாகத் தும்முவதும் அப்படியே.

காரம் நமக்குப் பழக்கம்தானே, பயப்பட என்ன இருக்கிறது?

மிளகாய்க் காரத்துக்குப் பயமில்லை. சிச்சுவான் மிளகாய் பலதும் நிறத்துக்கும் மணத்துக்கும்தான், நம் குண்டூர் மிளகாய் சாப்பிடுகிறவருக்கு அது ஒன்றுமே இல்லை. விஷயம் ஹுவாஜியாவில் இருக்கிறது. பார்க்க மிளகு மாதிரி இருந்தாலும் மிளகுக்கு உறவில்லை, எலுமிச்சைக் குடும்பத்துச் செடி, கொங்கணத்தில் மீன் குழம்பில் போடும் திர்பல் இதன் நெருங்கிய சொந்தம். கடித்ததும் முதலில் எலுமிச்சைத் தோல் வாசனை, அப்புறம் உதடு மரத்துப்போய்த் துடிக்க ஆரம்பிக்கும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2013-ல் இதை அளந்து பார்த்து, உதட்டில் வரும் துடிப்பு வினாடிக்கு சுமார் 50 அதிர்வுக்குச் சமம் என்றார்கள். முதல் தடவை சிலருக்கு ஒவ்வாமை வந்துவிட்டதோ என்று பயம் வரும். அப்படியில்லை, கால் மணி நேரத்தில் அடங்கிவிடும், தண்ணீர் குடித்தால் இன்னும் கூடுவதுபோல இருக்கும், வெறும் சோறு சாப்பிடுங்கள்.

நம்மூர் செஷ்வான் ஃபிரைட் ரைஸ், மஞ்சூரியன் எல்லாம் சொல்லித் தருவார்களா?

மாட்டார்கள், அவர்களுக்கே தெரியாது. அது கொல்கத்தாவில் குடியேறிய சீனர்கள் வழியாக இந்தியாவிலேயே வளர்ந்த சமையல், மஞ்சூரியன் 1975 வாக்கில் மும்பையில் நெல்சன் வாங் செய்தது. நம் தள்ளுவண்டி செஷ்வான் சாஸில் பூண்டும் மிளகாயும் உண்டு, ஹுவாஜியாவ் கிடையாது. எனக்கு இரண்டுமே பிடிக்கும், ஆனால் இதை எதிர்பார்த்து அங்கே போகாதீர்கள்.

நான் சுத்த சைவம். போகலாமா?

தாராளமாக, ஆனால் பதிவு செய்யும்போதே எழுதிச் சொல்லிவிட வேண்டும், வாசலில் போய் நின்று சொன்னால் அவர்களால் மாற்ற முடியாது. "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் பத்தாது. சிப்பி சாஸ், கோழித் தூள், பன்றிக் கொழுப்பு, காய்ந்த இறால், மீன், முட்டை ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். கோழித் தூள் உப்பு மாதிரி எல்லாவற்றிலும் விழுவதால் அதை யாரும் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. தோபான்ஜியாங்கும் தோச்சியும் அடிப்படையில் சைவம், ஜாடியில் எழுதியிருப்பதை ஆசிரியரிடம் ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பூண்டு வெங்காயமும் சேர்க்காதவர்கள் சீனாவில் திண்டாட வேண்டியிருக்கும் என்று நினைப்பார்கள், ஆனால் அங்கே பௌத்த மடத்துச் சாப்பாடு அப்படித்தான்: பூண்டு, வெங்காய இனம் எதுவும் கிடையாது. செங்டுவில் வென்ஷு மடத்தில் சைவ உணவகம் இருக்கிறது. வகுப்பு ஆசிரியரிடம் "மடத்துச் சைவம்" என்று சொன்னால் நீட்டி விளக்க வேண்டிய வேலை மிச்சம்.

மாட்டிறைச்சி சாப்பிட மாட்டேன், அல்லது ஹலால் மட்டும்தான் என்றால்?

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் இறைச்சித் துண்டைவிடக் கொழுப்பைத்தான் கவனிக்க வேண்டும். செங்டு, சோங்சிங் ஹாட்பாட்டின் சிவப்புக் குழம்பு பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பில் செய்தது, அதில் காய்கறி மட்டும் முக்கி எடுத்துச் சாப்பிட்டாலும் கணக்கு ஒன்றுதான். தாவர எண்ணெயில் செய்ததும் கிடைக்கும், சிங்யோவ் என்று கேட்க வேண்டும்.

ஹலால் என்றால் பன்றியை மட்டும் விலக்கிப் பயனில்லை, எல்லா மாரினேட்டிலும் சமையல் ஒயின் விழுகிறது. சிங்ஜென் என்று பச்சைப் பலகை போட்ட கடைகள் ஹுய் முஸ்லிம்களுடையவை. வகுப்பையே ஹலாலாக வேண்டும் என்றால் சீஆனில் தேடுவது சுலபம், அங்கே பெரிய முஸ்லிம் குடியிருப்பே இருக்கிறது.

வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் சிச்சுவானில் ரொம்பவே கவனமாக இருக்க வேண்டும், கடலையும் எள்ளும் இல்லாத மேஜை அபூர்வம்.

சீன மொழி தெரியாதே?

சுற்றுலாப் பயணிகளுக்கான வகுப்புகளில் ஆங்கிலம் பேசும் ஒருவர் இருப்பார். அப்படியில்லாத வகுப்பிலும் சமாளிக்கலாம், கை செய்வதைக் கண் பார்த்தால் பாதி புரிந்துவிடும். கூகுளும் வாட்ஸாப்பும் அங்கே உள்ளூர் இணையத்தில் ஓடாது, ஆகவே மொழிபெயர்ப்புச் செயலியில் சீன மொழியை ஊரிலேயே இறக்கி வைத்துவிடுங்கள். ஆசிரியர் வீசாட் என்ற சீனச் செயலியில் இடத்தை அனுப்புவார், அந்தக் கணக்கையும் கிளம்பும் முன்பே திறந்து சரிபார்த்துக்கொள்வது நல்லது.

செலவு எவ்வளவு, எப்படிக் கட்டுவது?

அரை நாள் வகுப்புக்குச் சில நூறு யுவான் ஆகும், பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் அதிகம், சிறிய ஊர்களில் குறைவு. தனியாக ஆசிரியரை வைத்துக்கொண்டால் நன்றாகவே ஏறும். மதியச் சாப்பாடும் அதிலேயே அடங்கிவிடுவதை மறக்காமல் கணக்கில் சேருங்கள்.

காசு கட்டுவது அலிபே என்ற செயலியில் அல்லது வீசாட்டில். 2023 முதல் வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை அவற்றில் இணைக்க முடிகிறது. 200 யுவானைத் தாண்டிய ஒவ்வொரு தொகைக்கும் 3 சதவீதம் பிடிப்பார்கள். ரூபே அட்டையை நம்பிப் போகாதீர்கள், இருக்கிற அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் திறந்துவிட்டுப் போங்கள். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை.

வகுப்புக்கென்று தனி விசா வேண்டுமா?

அரை நாள், ஒரு நாள் வகுப்புக்குச் சுற்றுலா விசாவே போதும். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு அந்த விசா கட்டாயம். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்கள் 30 நாள் வரை விசா இல்லாமலே போய்வரலாம்.

பத்து வகுப்பு விளம்பரம் கண்ணில் படுகிறது, நல்லது எது என்று எப்படித் தெரியும்?

இரண்டே கேள்வி கேளுங்கள். ஆளுக்கு ஓர் அடுப்பு உண்டா? பன்னிரண்டு பேரை ஒரே அடுப்பைச் சுற்றி நிற்கவைத்து ஆசிரியர் சமைக்க நாம் படம் பிடிப்பதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை, அது உணவகத்தில் இலவசமாகவே தெரியும். அடுத்து, என்ன பதார்த்தம் என்று முன்கூட்டியே சொல்கிறார்களா? ஸ்பிரிங் ரோல், இனிப்புப் புளிப்புக் கோழி என்று வெளிநாட்டவருக்காகவே போட்ட பட்டியல் வந்தால் விட்டுவிடுங்கள்.

நேரம் அதிகம் இருந்தால் செங்டுவின் வடமேற்கே பிடு பகுதியில் உள்ள சிச்சுவான் உணவு அருங்காட்சியகத்துக்குப் போகலாம், அங்கேயும் சமைத்துப் பார்க்க ஏற்பாடு உண்டு. தோபான்ஜியாங்குக்குப் பேர்போன ஊர் அதுதான். அகன்ற அவரையையும் மிளகாயையும் உப்போடு ஜாடியில் போட்டுப் பகலில் வெயிலும் இரவில் பனியும் படத் திறந்துவைப்பார்கள், மழை வந்தால் மூடுவார்கள், தினமும் கிளறுவார்கள், நல்ல சரக்குக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். வரிசையாக நிற்கும் அந்த ஜாடிகளுக்கு நடுவே நடக்கும்போது வரும் வாசனைக்காகவே போகலாம்.

ஊருக்குத் திரும்பி வீட்டில் செய்தால் அதே ருசி வருமா?

முழுசாக வராது, அங்கே அடுப்புத் தீயே வேறு. நம் கேஸ் அடுப்பில் செய்யும்போது இரண்டு ஆளுக்கு மேல் ஒரே ஈட்டில் போடாதீர்கள், சட்டி நிறைந்தால் வதங்காமல் வெந்துவிடும். இரும்பு வாணலியைப் புகை வரும்வரை காயவைத்து அப்புறம் எண்ணெய் ஊற்றுங்கள், நான்ஸ்டிக்கில் இதைச் செய்யவே கூடாது. அவர்கள் கடுகின வித்து எண்ணெய் ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள், நமக்குக் கடலை எண்ணெய் நன்றாக ஒத்துவரும். தோபான்ஜியாங்கில் உப்பு அதிகம், அதனால் இறக்கும் முன் ருசி பார்த்த பிறகுதான் உப்பு.

அங்கிருந்து என்ன வாங்கி வரலாம்?

தோபான்ஜியாங் பாக்கெட், தோச்சி, கொஞ்சம் ஹுவாஜியாவ். ஹுவாஜியாவை, சிச்சுவானில் அதற்குப் பேர்போன ஹன்யுவான் ஊர்ச் சரக்கு என்று கேட்டு வாங்குங்கள், கடைக்காரர் முன்னாலேயே ஒரு தோலை மென்று பார்க்கலாம், நாக்கு மரக்காவிட்டால் பழைய சரக்கு. விழுது எல்லாம் விமானத்தில் பெட்டிக்குள்தான் போக வேண்டும், கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். உணவுப் பொருள் கொண்டுவருவதற்கான சுங்க விதியை உங்கள் ஊருக்கு ஏற்றபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

கத்தி வாங்க ஆசை வரும், எல்லோருக்கும் வருகிறது. ஆனால் சீன ரயில்களில் சமையலறைக் கத்தி எடுத்துப் போகக் கூடாது, நிலையத்து ஸ்கேனரில் மாட்டினால் அங்கேயே விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும், மெட்ரோவிலும் அதே சோதனை உண்டு. கடைசி ஊரில், விமானம் ஏறும் முந்தைய நாள் வாங்கி, பெட்டியில் வைத்து, டாக்ஸியில் விமான நிலையம் போங்கள்.